தடை பார்த்தீங்களா சார்?

மின்துடிப்புகளைக் காட்டும் டி.எஸ்.ஓ. திரையில் 92 நானோ நொடி என்று நின்றது. ஒளி 30 மீட்டர் ஓட வந்திருக்க வேண்டியது 100. "சார், நம்ம லைட்டு ஐன்ஸ்டீனையே தாண்டிடுச்சு" என்றான் மூன்றாமாண்டு மாணவன் ஒருவன். வராந்தா முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் லேசாக உதைத்தது. முந்தின வாரம் சேலத்தில், கல்லூரி நடைக்கூடத்தில், இதே கருவி இதே தூரத்துக்குச் சரியாக 100 காட்டியிருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்கு வந்ததில் ஒளிக்கு என்ன ஆகிவிட்டது?

கார்த்திகை அமாவாசைக்கு முந்தின சனிக்கிழமை அது. இயற்பியல் மாணவர்களோடு இரண்டு நாள் முகாம். இரவில் வானம் பார்ப்பதற்காகத்தான் மலையேறினோம். பனி மூடினால் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருப்பார்களே என்று ஒளியின் வேகம் அளக்கும் கருவியையும் பெட்டியில் கட்டி எடுத்துப் போயிருந்தேன். நாங்கள் தங்கிய காப்பித் தோட்டத்து பங்களாவில் நீளமான வராந்தா, ஒரு பக்கம் முழுக்கத் திறப்பு.

அன்று இரவு நடந்ததை ஒன்று விடாமல் எழுதிவைக்கக் காரணம் உண்டு. 2011இல் இத்தாலியில் ஒரு மலைக்கடியில் நடந்ததும் ஏறக்குறைய இதேதான். அவர்களுடையது 730 கிலோமீட்டர், எங்களுடையது 30 மீட்டர். எங்கள் ஆய்வக உதவியாளர் அன்று கேட்ட ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு போய் விண்மீன் மண்டலங்களிடம் கேட்டால், பதில் நேர்மாறாக வருகிறது. அது இன்னும் முடியாத வழக்கு.

கருவி

சிக்கனமான அமைப்புதான். ஒரு சிவப்பு லேசர் டயோடு விட்டுவிட்டு மின்னும். அதன் முன்னால் நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடிச் சில்லு ஒன்று சாய்வாக நிற்கும். ஒளியில் சிறு பங்கை அது பக்கவாட்டில் திருப்பி, அருகிலேயே இருக்கும், ஒளி பட்டால் மின்துடிப்பு தரும் போட்டோடயோடுக்கு அனுப்பும். இது புறப்பாட்டைச் சொல்லும் கண். மீதி ஒளி 15 மீட்டர் தள்ளியுள்ள முகக்கண்ணாடியில் பட்டுத் திரும்பி இன்னொரு போட்டோடயோடில் விழும். அது வரவுக் கண். அதை ஒரு பி.வி.சி. குழாய்க்குள் ஆழமாகச் செருகி, முன்னால் லென்ஸ் வைத்திருந்தோம். புறப்பாட்டுக் கண்ணுக்கு அந்த மரியாதை இல்லை. ஒரு டப்பா, அதில் ஒரு கண்ணாடிச் சன்னல், அவ்வளவுதான்.

இரண்டு கண்களின் துடிப்பும் டி.எஸ்.ஓ.வுக்குப் போகும். திரையில் ஒரு கிடைக்கோடு போட்டு வைத்திருப்போம். துடிப்பு ஏறி அந்தக் கோட்டைத் தொடும் கணம்தான் கணக்கில் வரும். இரண்டு கணங்களுக்கும் இடையிலுள்ள நேரத்தால் 30 மீட்டரை வகுத்தால் ஒளியின் வேகம். 100 நானோ நொடி என்றால் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். எங்கள் 92க்கு 3,26,000 வந்தது. பாடப்புத்தகத்தில் இருப்பதோ 2,99,792.

எட்டு நானோ நொடி

முதல் விளக்கம் மாணவர்களிடமிருந்தே வந்தது. "மலையில காத்து கம்மி சார், அதான் வெளிச்சம் வேகமா ஓடுது." கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் முட்டாள்தனமான யோசனை இல்லை. காற்றில் ஒளி வெற்றிடத்தைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். சேலம் ஊர் கடல்மட்டத்துக்கு 300 மீட்டருக்குள் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே காற்று மெல்லிசு என்பது உண்மை. ஆக, திசை சரி. அளவு? வராந்தாவிலுள்ள காற்றை முழுக்க உறிஞ்சி வெற்றிடமே ஆக்கினாலும் 30 மீட்டருக்கு மிச்சமாவது 0.03 நானோ நொடி. எங்களுக்குக் காணாமல் போனது 8. பிள்ளைகளையே கணக்குப் போட வைத்தேன், போட்டுவிட்டு அவர்களே கைவிட்டார்கள்.

அடுத்து கேபிள். அந்த வகைக் கேபிளில் ஒரு மீட்டருக்குச் சுமார் 5 நானோ நொடி பிடிக்கும். 8 நானோ நொடி என்றால் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் கூடியிருக்க வேண்டும். சேலத்தில் போட்ட அதே இரண்டு கேபிள்தான். டேப் வைத்து வராந்தாவை மறுபடி அளந்தோம். 8 நானோ நொடிக்கு ஒளி 2.4 மீட்டர் ஓடிவிடும். டேப் அளவில் அவ்வளவு தப்பு வராது.

எங்கள் ஆய்வக உதவியாளர் இதையெல்லாம் காப்பி டம்ளரோடு சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறைக் குடும்பம். தம்பிகள் வெள்ளியிலேயே இருக்க, இவர் மட்டும் கல்லூரி வேலைக்கு வந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"சார், தடை பாத்தீங்களா?"

"என்ன தடை அண்ணா?"

"தராசுக்குப் பாப்போமில்லீங்க, அந்தத் தடைதான். தட்டு காலியா இருக்கறப்ப முள்ளு நடுவுல நிக்கலைன்னா, நீங்க பத்து கிராம் வெச்சாலும் அதே தப்பு, நூறு கிராம் வெச்சாலும் அதே தப்பு. எடைக்கல்லு தேஞ்சிருந்துச்சுன்னா அப்படி இல்லீங்க சார். சரக்கு ஏற ஏற தப்பும் ஏறும். இது எந்தத் தப்புன்னு மொதல்ல பாருங்க. கண்ணாடிய பாதி தூரத்துல வெச்சுப் பாருங்க."

பிழைக் கோட்பாட்டை வருஷா வருஷம் முதலாமாண்டுக்கு நடத்துகிறவன் நான். கரும்பலகையில் எழுதத் தெரிந்தது, அந்த இரவில் கைக்கு வரவில்லை.

முகக்கண்ணாடியை ஏழரை மீட்டருக்குக் கொண்டு வந்தோம். ஒளி போய்வர 15 மீட்டர். 50 வர வேண்டிய இடத்தில் 42. மறுபடி அதே 8. ஒளி நிஜமாகவே வேகமாக ஓடியிருந்தால் தூரம் பாதியானதும் வித்தியாசமும் 4 ஆகக் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. இன்னொரு வேடிக்கையும் செய்யலாம். 92இல் 42 போனால் 50. அந்த 50 நானோ நொடி, கூடுதலாக ஓடிய 15 மீட்டருக்கானது. வகுத்தால் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர், பிசகில்லாமல். ஒளி ஒரு குற்றமும் செய்யவில்லை. முள்தான் நடுவில் இல்லை.

தூரத்தோடு மாறாத தப்பு என்றால் வழியில் இருக்க முடியாது, இரண்டு கண்களில் ஒன்றில்தான் இருக்கும். அதைத் தேட ஆரம்பித்து, முகக்கண்ணாடியைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோனபோதுதான் அந்த இரவின் மோசமான சங்கதி நடந்தது. ரீடிங் தானாகவே 100க்கு வந்துவிட்டது. "சார், சரியாயிடுச்சு!" என்று ஒரு மாணவி கை தட்டினாள். எனக்கும் பெரிய நிம்மதி. பெட்டியைக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்றேன். இதை ஒத்துக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எண் பிடிக்காதபோது ஒன்றரை மணி நேரம் துருவினவன், எண் பிடித்ததும் விசாரணையை முடித்துவிட்டேன்.

அவர் விடவில்லை. டார்ச் அடித்துக்கொண்டே, "இந்தக் கண்ணாடி வேர்த்திருக்குங்க சார்" என்றார். புறப்பாட்டுக் கண்ணின் சன்னல் முழுக்கப் பனி படிந்து பால் போலிருந்தது. தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். ரீடிங் 108.

அரை நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவன் வராந்தாவின் மறுகோடியைக் காட்டினான். முகக்கண்ணாடி மங்கலாகத் தெரிந்தது. பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வராந்தாவுக்குள் வந்துவிட்டிருந்தது.

நடந்தது இதுதான். எங்கள் துடிப்பு முழு உயரத்துக்கு ஏற 40 நானோ நொடி எடுக்கும். கிடைக்கோடு அந்த உயரத்தின் ஐந்தில் ஒரு பங்கில் இருந்தது. நல்ல வெளிச்சம் விழுந்தால் 8 நானோ நொடியில் துடிப்பு கோட்டைத் தொடும். வெளிச்சம் பாதியானால் ஏற்றமும் பாதி வேகமாகிவிடுமே, கோட்டைத் தொட 16 ஆகும். பனி படிந்த புறப்பாட்டுக் கண் எட்டு நானோ நொடி தாமதமாக "கிளம்பியாச்சு" என்றது. கிளம்பியதைத் தாமதமாகக் குறித்தால் பயணம் குறுகியதாகத்தானே தெரியும்? பிறகு மூடுபனி வந்து திரும்பும் ஒளியையும் பாதியாக்க, வரவும் எட்டு தாமதம். இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துச் சரியான விடை வந்தது. ஒன்றை மட்டும் துடைத்ததும் மற்றது வெளியே தெரிந்தது. பனி விலகிய பின் 100 வந்து நின்றது, இம்முறை நியாயமாக.

பதினெட்டு மீட்டர்

இத்தாலியின் கிரான் சாசோ மலையில் நெடுஞ்சாலைக்காகக் குடைந்த சுரங்கம் ஒன்று உண்டு. அதன் பக்கவாட்டில், தலைக்கு மேல் 1,400 மீட்டர் பாறையோடு, ஓர் ஆய்வகம். அங்கே ஓபரா என்ற கருவி, ஜெனிவா அருகேயுள்ள செர்ன் துகள் ஆய்வகத்திலிருந்து வரும் நியூட்ரினோ என்ற மிக லேசான துகள்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. நியூட்ரினோவுக்குப் பாறை ஒரு பொருட்டே இல்லை. 730 கிலோமீட்டரும் பூமிக்குள்ளாகவே வந்துவிடும். வழியில் குகை எதுவும் கிடையாது. அப்போது இத்தாலியக் கல்வி அமைச்சகம் விட்ட வாழ்த்துச் செய்தியில் மட்டும், செர்னுக்கும் கிரான் சாசோவுக்கும் இடையே ஒரு சுரங்கப்பாதை கட்டியிருப்பதாக வந்து, ஊரே சிரித்தது.

2011 செப்டம்பர் 23 அன்று செர்ன் அரங்கில் ஓபரா குழுவின் தாரியோ ஆத்தியெரோ அந்த முடிவை வெளியிட்டார். சுமார் 16,000 நியூட்ரினோக்களின் கணக்கு. ஒளிக்குப் பிடித்திருக்கும் நேரத்தைவிட 60.7 நானோ நொடி முன்னதாக அவை வந்திருக்கின்றன. தூரமாகச் சொன்னால் 18 மீட்டர் முந்தல்.

அவர்கள் அவசரக்காரர்கள் அல்ல. 730 கிலோமீட்டரை 20 சென்டிமீட்டர் துல்லியத்துக்கு அளந்திருந்தார்கள். 2009இல் லாக்விலா நிலநடுக்கத்தில் மலை 7 சென்டிமீட்டர் நகர்ந்ததுகூட அவர்கள் அளவையில் தெரிந்தது. குழுவிலேயே சிலர் ஆய்வுக்கட்டுரையில் கையெழுத்துப் போட மறுத்தார்கள். போட்டவர்களும் "ஐன்ஸ்டீன் தோற்றார்" என்று சொல்லவில்லை, எங்களுக்குத் தப்பு தெரியவில்லை, நீங்களும் பாருங்கள் என்றார்கள். தலைப்பு போட்டது பத்திரிகைகள்தான்.

முதல் சந்தேகம் செர்ன் பக்கத்தில் விழுந்தது. நியூட்ரினோக்களை உண்டாக்கும் புரோட்டான் கற்றையின் ஒவ்வொரு துடிப்பும் 10.5 மைக்ரோ நொடி நீளம். அவ்வளவு நீளமான வரிசையில் எந்தப் புரோட்டான் எந்த நியூட்ரினோவைத் தந்தது என்று எப்படிச் சொல்வது? சரியென்று 3 நானோ நொடி நறுக்குகளாகக் கற்றையை அனுப்பிப் பார்த்தார்கள். 20 நியூட்ரினோக்கள்தான் சிக்கின. முந்தல் 62 நானோ நொடி. மறுபரிசீலனையில் முடிவு வலுத்துவிட்டது. இங்கே நின்று யோசிக்க வேண்டும். ஒரே தராசில் இன்னும் கவனமாக நிறுத்தால் தப்பும் இன்னும் கவனமாகத் திரும்பி வரும்.

அவர்களால் முகக்கண்ணாடியைப் பாதி தூரத்துக்கு நகர்த்த முடியாது. மலை நகராது, செர்னும் நகராது. ஆனால் இயற்கை 24 வருஷம் முன்பே கண்ணாடியை வெகுதூரம் நகர்த்திக் காட்டியிருந்தது. 1987 பிப்ரவரி 23 அன்று, 1,68,000 ஒளியாண்டு தொலைவிலிருந்த பெரிய மெகல்லன் மேகம் என்ற அண்டை விண்மீன் மண்டலத்தில் ஒரு விண்மீன் வெடித்த ஒளி நமக்கு வந்து சேர்ந்தது. அதற்குச் சுமார் மூன்று மணி நேரம் முன்னதாக, ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் இருந்த கருவிகளில் இரண்டு டஜன் நியூட்ரினோக்கள் பதிந்தன. மூன்று மணி நேரத்துக்குக் காரணம் எளிது. நியூட்ரினோ உடனே வெளியேறிவிடும், ஒளியோ அதிர்வலை விண்மீனின் மேற்பரப்பைக் கிழிக்கும்வரை உள்ளே அடைபட்டிருக்கும். ஓபரா சொன்ன விகிதத்தில் நியூட்ரினோ ஒளியை முந்துவது உண்மையானால், அந்த நியூட்ரினோக்கள் நாலு வருஷம் முன்னதாக வந்திருக்க வேண்டும். 730 கிலோமீட்டரில் தெரிந்த தப்பு, தூரத்தோடு வளரவே இல்லை.

வளராத தப்பு என்றால் எங்கே தேட வேண்டும் என்று எங்கள் அண்ணாவுக்குத் தெரியும்.

மலைக்கு வெளியே ஜி.பி.எஸ். வாங்கி. அதிலிருந்து 8.3 கிலோமீட்டர் கண்ணாடி இழை வழியாக நேரக் குறிப்பு உள்ளே ஓபராவின் முதன்மைக் கடிகாரத்துக்கு வரும். அந்த இழை கடிகாரத்தோடு சேரும் இணைப்பு முழுக்கத் திருகப்படாமல் இருந்தது. ஒளி குறைவாக விழுந்தது. குறைந்த ஒளியில் துடிப்பு மெதுவாக ஏறி, கோட்டைத் தாமதமாகத் தொட்டது. 73 நானோ நொடித் தாமதம். எங்கள் டப்பாவில் படிந்த பனி என்ன செய்ததோ அதையே அந்தத் தளர்ந்த இணைப்பு செய்தது. கடிகாரம் பிந்தியதால், வந்தவர்கள் முந்தியதாகத் தெரிந்தார்கள்.

இரண்டாவது தப்பும் இருந்தது. கடிகாரத்துக்குத் துடிப்பு தரும் அலைவுறுப்பு சற்று வேகமாக ஓடி, எதிர்த்திசையில் கொஞ்சம் ஈடுகட்டியிருந்தது. 73 முழுசாக வெளியே தெரியாமல் 60 சொச்சமாகத் தெரிந்தது அதனால்தான். இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடி முழுக்க ஈடுகட்டியிருந்தால்? சரியான விடை வந்திருக்கும், இரண்டு தப்பும் உள்ளேயே குடியிருந்திருக்கும், யாரும் பெட்டியைத் திறந்திருக்க மாட்டார்கள். என் வராந்தாவில் நான் சாப்பிடக் கூப்பிட்ட கணம் அதுதான்.

2012 பிப்ரவரியில் இதெல்லாம் வெளியே வந்தது. எப்போதிலிருந்து தளர்ந்திருந்தது என்பதைச் சொன்னது பக்கத்து மண்டபம். எல்.வி.டி. என்ற கருவி 160 மீட்டர் தள்ளி அதே மலைக்குள் இருக்கிறது. விண்வெளிக் கதிர்களிலிருந்து வரும் மியூவான் என்ற துகள்கள் சில கிடைமட்டமாக இரண்டு கருவிகளையும் துளைத்துப் போகும். சில வருஷங்களில் சேர்ந்த சுமார் 300 மியூவான்களின் நேரத்தை ஒப்பிட்டபோது, 2008 ஆகஸ்ட் வாக்கிலிருந்து 2011 கடைசிவரை ஓபராவின் கடிகாரம் 73 நானோ நொடி விலகியிருந்தது தெரிந்தது. யாரும் இதற்காகத் திட்டமிடாத அளவை. பக்கத்துக் கடைத் தராசு மாதிரி. மார்ச்சில் அதே மலையின் இக்காரஸ் கருவி தன் கணக்கை வெளியிட்டது, நியூட்ரினோக்கள் ஒளியோடு ஒட்டித்தான் வந்தன. மே மாதக் கற்றையில் ஓபரா உள்பட நான்கு கருவிகளும் அதையே சொல்லின. ஆத்தியெரோவும் குழுத் தலைவர் அந்தோனியோ எரெதித்தாத்தோவும் அந்த மார்ச் மாதமே பதவி விலகியிருந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் இரக்கம்தான். இணைப்பைத் திருகிப் பார்க்காதது தப்பு. கதவைத் திறந்துவைத்தது தப்பில்லை.

இமயத்துக்கு வடக்கே

அன்று இரவு சாப்பாட்டின்போது ஒரு மாணவி கேட்டாள், ஒளியைவிட வேகமான துகள் இருக்கவே முடியாதா என்று. இந்தக் கேள்விக்கு நம் பக்கத்திலேயே ஒரு பெரிய பதில் உண்டு. மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராகவும் இருந்த இ.சி.ஜி. சுதர்சன், 1962இல் பிலானியுக், தேஷ்பாண்டே இருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை அது. ஐன்ஸ்டீனின் சார்பியல் தடுப்பது ஒளிவேகத்தைக் கடப்பதை மட்டும்தான். பிறக்கும்போதே அந்தப் பக்கம் பிறந்த துகளுக்கு என்ன தடை? இமயமலையை யாரும் ஏறிக் கடக்க முடியாது என்பதற்காக அதற்கு வடக்கே மனிதர்களே இல்லை என்று சொல்வீர்களா என்று கேட்டார் சுதர்சன். அங்கேயே பிறந்தவர்கள் மலையேற வேண்டியதில்லையே. அந்தத் துகளுக்கு டாக்கியான் என்று பெயர் வைத்தது ஜெரால்டு ஃபைன்பெர்க், 1967இல்.

டாக்கியானுக்கு ஒரு விசித்திரக் குணம். ஆற்றல் கூடக்கூட வேகம் குறைந்து ஒளிவேகத்தை நெருங்கும். ஆற்றல் குறையக் குறைய வேகம் ஏறிக்கொண்டே போகும். இது எங்கள் தடைக் கேள்விக்குத் தோதான இடம். தூரத்தை மாற்ற முடியாவிட்டால் ஆற்றலை மாற்றிப் பார். ஓபரா குழுவும் தங்கள் நியூட்ரினோக்களை ஆற்றல்படி இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. முந்தலில் வித்தியாசம் தெரியவில்லை. 1987இல் வந்த நியூட்ரினோக்களின் ஆற்றலோ ஓபராவினுடையதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு குறைவு. நியூட்ரினோ டாக்கியானாக இருந்தால் அவைதான் எல்லாரையும் தோற்கடித்து ஓடி வந்திருக்க வேண்டும். வரவில்லை. டாக்கியான் இதுவரை எங்கேயும் பிடிபடவில்லை, ஆனால் சுதர்சனின் தர்க்கத்தில் ஓட்டை இல்லை.

ஆண்ட்ரோமெடாவுக்கு யார் தடை பார்த்தது?

ஒன்பதரை மணி வாக்கில் பனி விலகியது. தெற்கே பள்ளத்தில் சேலத்து விளக்குகளின் மஞ்சள் மினுக்கம். வடக்கிலிருந்து மேற்கே சற்றுச் சாய்ந்து, பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம். 25 லட்சம் ஒளியாண்டு. வெறும் கண்ணுக்குத் தெரியும் மிகத் தொலைவான பொருள்களில் ஒன்று. பைனாகுலரைக் கை மாற்றிக்கொண்டே அதன் கதையைச் சொன்னேன்.

சூரியனைச் சுற்றும் கோள்களில் புதன் நொடிக்கு 47 கிலோமீட்டர் ஓடும், பூமி 30, நெப்டியூன் ஐந்தரை. தள்ளிப்போகப் போக வேகம் குறையும். எடை நடுவில் இருந்தால் அப்படித்தான். ஆண்ட்ரோமெடாவின் வெளிச்சமும் நடுவில்தான் குவிந்திருக்கிறது. ஆகவே ஓரத்து விண்மீன்கள் நிதானமாகச் சுற்ற வேண்டும். 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் அதிலுள்ள 67 வாயு மேகங்களின் வேகத்தை ஒவ்வொன்றாக அளந்தார்கள். ஓரத்திலும் நொடிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். குறையவில்லை. அந்த வேகத்துக்குத் தெரிகிற எடையின் பிடி போதாது. அவை பிய்த்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும்.

"அதுக்குத் தடை பாத்தாங்களாங்க சார்?" இருட்டில் பின்னாலிருந்து குரல்.

பார்த்தார்கள். தராசையே மாற்றிப் பார்த்தார்கள். ரூபினும் ஃபோர்டும் பார்த்தது கண்ணுக்குத் தெரியும் ஒளியில், நிறமாலைமானி வைத்து. 1975இல் ராபர்ட்ஸும் வைட்ஹர்ஸ்டும் அதே ஆண்ட்ரோமெடாவை ஹைட்ரஜனின் 21 சென்டிமீட்டர் ரேடியோ அலையில் பார்த்தார்கள். கருவி வேறு, வாங்கி வேறு, அளக்கும் பொருளே வேறு. அப்படியும் வேகம் குறையவில்லை. 1978இல் ஆல்பர்ட் போஸ்மா நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் ரேடியோ தொலைநோக்கியில் இன்னும் பல மண்டலங்களைப் பார்த்தார். 1980இல் ரூபின் குழு 21 சுருள் மண்டலங்களின் பட்டியலை வெளியிட்டது. எங்கும் அதே கதை. இது சன்னலில் படிந்த பனி இல்லை.

அப்படியானால் அவருடைய இரண்டாவது கேள்வி வருகிறது. இந்தத் தப்பு எதோடு சேர்ந்து ஏறுகிறது?

இதை நான் வகுப்பில் சொல்லும்போது பலரும் தூரம் என்றே நினைப்பார்கள். தூரம் இல்லை. சின்ன மண்டலத்தில் சீக்கிரமே தப்பு தொடங்கும், பெரிய மண்டலத்தில் வெகுதூரம் போய்த்தான். பொதுவாக நிற்பது முடுக்கம். 1983இல் மோர்டெகாய் மில்குரோம் என்ற இஸ்ரேலிய இயற்பியலாளர் ஓர் எண்ணைச் சொன்னார். ஈர்ப்பு முடுக்கம் அந்த எண்ணுக்குக் கீழே இறங்கும் இடத்தில் நியூட்டனின் விதி மாறிவிடுகிறது என்றார். அந்த எண் எவ்வளவு சின்னது தெரியுமா? அந்த முடுக்கத்தில் ஒரு பொருளை ஒரு வருஷம் விடாமல் தள்ளினால், வருஷக் கடைசியில் அது நொடிக்கு 4 மில்லிமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். எறும்பு முந்திவிடும். 2016இல் மெக்காவ், லெல்லி, ஷோம்பெர்ட் மூவரும் 153 மண்டலங்களிலிருந்து சுமார் 2,700 புள்ளிகளை, தெரிகிற எடை தர வேண்டிய முடுக்கம் ஒரு பக்கம், அளந்த முடுக்கம் மறுபக்கம் என்று ஒரே வரைபடத்தில் போட்டார்கள். பெரியது, சிறியது, ஒளி மிகுந்தது, மங்கலானது எல்லாம் ஒரே வளைகோட்டில் வந்து உட்கார்ந்தன. விலகல் தொடங்குமிடம் மில்குரோம் சொன்ன முடுக்கத்தை ஒட்டியே.

"அப்ப எடைக்கல்லுலதான் தப்பு" என்றார் அவர்.

மில்குரோம் சொல்வது அதைத்தான். நியூட்டன் என்ற எடைக்கல் அந்த அளவுக்குக் கீழே தேய்ந்திருக்கிறது என்று. ஆனால் பெரும்பாலான இயற்பியலாளர்கள் கட்சி வேறு. தட்டில் கண்ணுக்குத் தெரியாத சரக்கு இருக்கிறது, அதுதான் கரும்பொருள் என்கிறார்கள். அவர்கள் பக்கமும் சாட்சி கனம். மண்டலங்கள் கூட்டமாக இருக்குமிடத்தில் மில்குரோமின் விதியைப் போட்டாலும் தெரிகிற எடை இன்னும் போதவில்லை. 2006இல் ஆய்வு வெளிவந்த புல்லட் கொத்து என்ற இடத்தில் இரண்டு மண்டலக் கொத்துகள் மோதியிருக்கின்றன. தெரிகிற எடையில் பெரும்பங்கான வாயு நடுவில் சிக்கி நின்றுவிட்டது, ஈர்ப்போ வாயுவை விட்டு முன்னே போய்விட்டது. பெருவெடிப்பின் எச்ச ஒளியிலுள்ள ஏற்ற இறக்கங்களும் கரும்பொருளைக் கேட்கின்றன. கட்சி சேரச் சொன்னால் நானும் கரும்பொருள் பக்கமே போவேன். ஆனால் 153 மண்டலங்கள் ஒரே கோட்டில் உட்காருவது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மறைந்திருக்கும் சரக்கு, தெரிகிற சரக்கின் அளவைப் பார்த்து ஏன் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்கிறது?

சரக்கைக் கையில் பிடிக்கவும் முயற்சி நடக்கிறது, வேடிக்கையாக அதே கிரான் சாசோ மலையில். அங்கே டன் கணக்கில் திரவ செனானை நிரப்பிக் காத்திருக்கும் கருவிக்கு இதுவரை எதுவும் சிக்கவில்லை. அதே மலையில் டாமா என்ற இன்னொரு குழு, சோடியம் அயோடைடு படிகங்களில் வருஷத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் துடிப்பு தெரிகிறது, கரும்பொருள் காற்றில் பூமி போய்வருவதால் வருவது என்று இருபது வருஷத்துக்கு மேலாகச் சொல்லிவருகிறது. தப்பு பருவத்தோடு ஏறி இறங்குகிறதாம். பருவத்தோடு ஏறி இறங்க மலையில் வேறு எத்தனையோ உண்டு. அதே வகைப் படிகத்தோடு ஸ்பெயினில் அனாய்ஸ், தென்கொரியாவில் கோசைன்-100 என்று இரண்டு குழுக்கள் பார்த்தன. ஏற்ற இறக்கம் தெரியவில்லை.

எனக்குப் பிடித்த சோதனை இவை எதுவும் இல்லை. முகக்கண்ணாடியை நகர்த்துகிற சோதனைதான். மண்டலத்தை விட்டுவிட்டு, ஒன்றையொன்று சுற்றும் சாதாரண இரட்டை விண்மீன்களுக்கு வந்துவிடுங்கள். சூரியன் எடையுள்ள விண்மீனிலிருந்து, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல சுமார் 7,000 மடங்கு தள்ளிப்போனால் முடுக்கம் மில்குரோம் எண்ணுக்கு இறங்கிவிடும். அவ்வளவு சின்ன இடத்துக்குள் கரும்பொருளின் எடை கணக்கிலேயே வராது. ஆக, தப்பு அங்கேயும் தெரிந்தால் எடைக்கல், தெரியாவிட்டால் சரக்கு. இதற்கான அளவைகள், விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலம் தந்த தரவில் இருக்கின்றன. 2023இல் தென்கொரியாவின் கியூ-ஹியூன் சே அதை எடுத்து ஆராய்ந்து நியூட்டன் விதி உடைகிறது என்றார். அதே வருஷம் இந்திரநீல் பானிக் குழு ஆராய்ந்து, நியூட்டன் விதி நன்றாகவே பொருந்துகிறது என்றது.

"ஒரே தராசுலயாங்க சார்?"

"ஒரே தராசுதான் அண்ணா."

"அப்ப தட்டுல எதை வெக்கறாங்க, எதை எடுக்கறாங்கன்னு பாருங்க."

சண்டையே அதில்தான். இரட்டை என்று நினைக்கும் ஜோடியில் மங்கலான மூன்றாவது விண்மீன் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் வேகம் கூடித் தெரியும். அப்படிப்பட்டவற்றை எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதில் இரண்டு குழுக்களும் ஒத்துப்போகவில்லை. இதைச் சொன்னதும் அவர் தலையாட்டிவிட்டுப் பைனாகுலரை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன தெரிகிறது என்று கேட்டதற்கு, "பனி ஏறுதுங்க சார்" என்றார்.

மறுவாரம் சேலம் வந்ததும் புறப்பாட்டுக் கண்ணின் சன்னலை ஒட்டி ஒரு சிறு ரெசிஸ்டரைப் பற்றவைத்தோம். அரை வாட் சூடு போதும், கண்ணாடி வேர்க்காது. வராந்தாவுக்குள் வரும் மூடுபனிக்கு மட்டும் எங்களிடம் மருந்து இல்லை. ரெக்கார்டு நோட்டில் 92, 42, 100, 108 நான்கையும் அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறோம்.